டாரா யாரிடம் சொன்னாள்?

டுலூத், மினசோட்டா
4 அக்டோபர் 1996

காவலர் ராய் டிட்வெல் அவர்களுக்கு,

நாம் நேரில் பார்த்ததில்லை. நீங்கள் இப்போது உட்கார்ந்திருக்கும் 114ஆம் அறையில் பதினாறு வருடம் உட்கார்ந்திருந்தவள் நான். லார்ச்ஃபீல்ட் பள்ளியின் மாணவர் ஆலோசகர். ஆகஸ்ட் கடைசியில் வரவேற்புத் தோரணம் கட்டுகிறேன் என்று ஏணியில் ஏறி, இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டு, இப்போது அக்கா வீட்டில் படுத்துக் கிடக்கிறேன். வசந்தம் வரை வேலைக்குப் போக முடியாது என்கிறார் டாக்டர்.

இந்த வருடம் முதல் பள்ளியிலேயே ஒரு போலீஸ்காரர் இருப்பார் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு என் அறையைக் கொடுப்பார்கள் என்பதுதான் தெரியாது. அலுவலகத்தில் இருக்கும் கெயில் எழுதித்தான் தெரிந்துகொண்டேன். "காலைல உன் ரூம் வாசல்ல நிக்கற கூட்டத்தப் பாக்கணுமே, ஐரீன்! உனக்கு என்னைக்காவது இவ்ளோ கூட்டம் வந்துருக்கா?" என்று எழுதியிருந்தாள். என்னைச் சீண்ட வேண்டும் என்று அவள் எழுதவில்லை. ஆனாலும் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், இரண்டு முறையும் ஒரே இடத்தில் குத்தியது.

சோபாவை நகர்த்த வேண்டாம். பிள்ளைகள் அதில் உட்கார்ந்தால் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே பேசலாம், நம் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதற்காகத்தான் அப்படிப் போட்டேன். சாம்பல் நிற அலமாரியின் சாவி என்னிடம் இருக்கிறது. அதைத் திறக்க முயல வேண்டாம்.

இடுப்பில் துப்பாக்கியை மாட்டிக்கொண்டு பிள்ளைகளை எப்படிச் சிரிக்க வைக்கிறீர்கள் என்று நேரம் கிடைத்தால் எழுதுங்கள். உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசை.

ஐரீன் கோசாக்

—

லார்ச்ஃபீல்ட், ஓஹாயோ
11 அக்டோபர் 1996

மதிப்பிற்குரிய திருமதி கோசாக்,

உங்கள் கடிதம் கிடைத்தது. இந்த அறையை நான் கேட்டு வாங்கவில்லை. பள்ளி முதல்வர் டோர்செட் சாவியைக் கையில் கொடுத்து, "இது சும்மாதான் கெடக்கு" என்றார். சோபாவும் அலமாரியும் நீங்கள் வைத்த இடத்தில்தான் இருக்கின்றன.

கூட்டத்துக்குக் காரணம் நானில்லை, ரொட்டி. பத்தொன்பது வருடம் ரோந்து வண்டி ஓட்டியவன் நான். பள்ளிக்கு வந்த முதல் வாரம் ஒரு பையன் வகுப்பில் மயங்கி விழுந்தான். நான் போதைப்பொருள் என்று நினைத்து அவன் பையைச் சோதித்தேன். பிறகுதான் தெரிந்தது, அவன் முந்தைய நாள் மதியத்திலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. அன்று சாயங்காலமே ரொட்டி வாட்டும் கருவி ஒன்றும் கடலை வெண்ணெய் டப்பாக்களும் வாங்கி வந்தேன். காலை 7.15 முதல் 7.50 வரை யார் வேண்டுமானாலும் வரலாம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். டாரா ஹென்னசி என்று பத்தாம் வகுப்புப் பெண். தினமும் முதல் ஆளாக வருகிறாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருப்பாள். ரொட்டியைப் பாதிதான் சாப்பிடுவாள். நான் ஏதாவது கேட்டால், "ஒண்ணுமில்ல ஆபீசர், சும்மா வந்தேன்" என்பாள். பேசாத குழந்தையிடம் என்ன பேசுவது? எனக்கு யாரும் இதைக் கற்றுத் தரவில்லை. போலீஸ் பயிற்சியில் பேசாதவர்களைப் பேச வைக்கும் வழிகள் சில சொன்னார்கள். அவை இங்கே உதவாது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ராய் டிட்வெல்

—

டுலூத்
18 அக்டோபர் 1996

திரு டிட்வெல்,

ரொட்டி! பதினாறு வருடத்தில் எனக்கு அது தோன்றவில்லை. முதுகலைப் பட்டம் வாங்கி, சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தேனே, அதில் ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

டாராவைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். இரண்டு வருடமாக ஒவ்வொரு செவ்வாயும் மூன்றாம் பாடவேளையில் என்னிடம் வந்தவள் அவள். முதல் நாலு மாதம் என்னிடமும் ஒரு சொல் பேசவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு நாள், "மிஸ் கே, நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்கதானே?" என்றாள். சொல்ல மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு அவள் சொன்னது எதையும் உங்களுக்கு நான் எழுத முடியாது. அது என் தொழில் தர்மம்.

நான் அனுப்பிய இரண்டு வாழ்த்து அட்டைகளுக்கும் அவள் பதில் போடவில்லை. உங்களிடம் என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தாளா?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். என்னிடம் சொல்வது என்னோடு நிற்கும். உங்களிடம் சொல்வது குறிப்பேட்டில் ஏறி, ஸ்டேஷனுக்குப் போய், நீதிபதி மேசை வரை போகும். அந்தப் பிள்ளைகளுக்கு இது தெரியுமா? ரொட்டியில் வெண்ணெய் தடவும்போது அவர்களிடம் சொன்னீர்களா?

ஐ. கோசாக்

—

லார்ச்ஃபீல்ட்
26 அக்டோபர் 1996

திருமதி கோசாக்,

இல்லை, சொல்லவில்லை. நீங்கள் சொன்னது சரிதான், ஒரு நல்ல நாள் பார்த்துச் சொல்கிறேன்.

உங்களுக்கு ஏதோ என்மேல் கோபம் என்று புரிகிறது. என் பக்கத்தையும் கேளுங்கள். இந்த அறையில் எந்தப் பிள்ளை உட்கார்ந்தாலும் பத்தாவது நிமிடத்தில் உங்கள் பெயர் வந்துவிடும். "மிஸ் கே இருந்தா இப்படிக் கேக்க மாட்டாங்க." "மிஸ் கே அப்பவே கண்டுபுடிச்சிருப்பாங்க." போன வாரம் ஒருத்தி அழுதாள். நான் கைக்குட்டை நீட்டினேன். வாங்கிக்கொண்டு என்ன சொன்னாள் தெரியுமா? "மிஸ் கே திசு பேப்பர் பெட்டிய நம்ம பக்கம் தள்ளி விட்டுட்டு வெளில பாப்பாங்க. இப்படி நீட்டிக்கிட்டே நிக்க மாட்டாங்க." நான்கு மாநிலம் தாண்டிப் படுத்துக் கிடக்கும் ஒரு பெண்மணியோடு தினமும் போட்டி போட்டுத் தினமும் தோற்கிறேன்.

டாரா உங்களை விசாரித்தாள். ஒரே ஒரு முறை, "மிஸ் கே எப்ப வருவாங்க?" என்று. வசந்தத்தில் என்றேன். அதன் பிறகு கேட்கவில்லை. ஆனால் போன வியாழக்கிழமை அவளாகவே எழுந்து வந்து மற்றவர்களுக்கு ரொட்டி வாட்டிக் கொடுத்தாள். ஒருவன் கருக விட்டதற்கு அவனை நன்றாகக் கிண்டல் செய்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ராய் டிட்வெல்

—

டுலூத்
1 நவம்பர் 1996

திரு டிட்வெல்,

அவள் சிரித்தாள் என்று எனக்கு எழுத வேண்டிய அவசியம் என்ன? என்னிடமும் சிரித்திருக்கிறாள்.

நீங்கள் நல்லவர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் உங்களை அங்கே அனுப்பியது அப்பாவாக இருக்கவோ ஆலோசகராக இருக்கவோ அல்ல. போலீஸ்காரர் போலீஸ்காரராக இருந்தால் போதும். மற்றதற்குப் படித்தவர்கள் இருக்கிறோம். இடுப்பு உடைந்திருந்தாலும் இருக்கிறோம்.

ஐ. கோசாக்

—

லார்ச்ஃபீல்ட்
13 நவம்பர் 1996

திருமதி கோசாக்,

கெயில் உங்களுக்கு எழுதுவதற்கு முன் நானே எழுதிவிட நினைக்கிறேன்.

நேற்று காலை 7.30 மணி. அறையில் ஏழு பிள்ளைகள். வெண்ணெய் தடவ வைத்திருந்த பிளாஸ்டிக் கத்தி முறிந்தது. டாரா, "இருங்க ஆபீசர், எங்கிட்ட இருக்கு" என்று பையைத் திறந்தாள். உள்ளே சுருட்டிய துவாலை ஒன்று. அதை மேசையில் வைத்துப் பிரித்தாள். நான்கு கத்திகள். ஒன்று இறைச்சி வெட்டுவது, நீளம் ஒன்பது அங்குலம்.

அவள் சாதாரணமாகத்தான் எடுத்தாள். எங்கே இருக்கிறோம் என்பதே ஒரு கணம் மறந்துபோயிருக்க வேண்டும். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். கையில் எடுத்த கத்தியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

ஏன் கொண்டு வந்தாய் என்று கேட்டேன். துவாலையை மறுபடி சுருட்டத் தொடங்கினாள். யாருக்காவது பயப்படுகிறாயா? இல்லை. யாரையாவது ஏதாவது செய்ய நினைத்தாயா? "இல்ல!" என்று கத்தினாள். அவ்வளவுதான். வாசலில் முதல்வர் வந்து நின்றுவிட்டார். "ரூல் உங்களுக்குத் தெரியும், ராய்" என்றார்.

விலங்கு மாட்டி வெளியே கூட்டிப் போனேன். அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. நடைபாதை முழுக்கப் பிள்ளைகள், இரண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் தலை குனியவில்லை. எனக்குத்தான் எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

சிறார் நீதிமன்றத்தில் வழக்கு. பள்ளியிலிருந்து ஒரு வருட நீக்கம் குறித்து டிசம்பர் 9 அன்று கல்வி வாரியம் விசாரிக்கும். காரணத்தை யாரிடமும் சொல்ல மாட்டேன் என்கிறாள். அவளுடைய அம்மா வந்து அழுதாரே தவிர எதுவும் சொல்லவில்லை.

உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள். தொழில் தர்மம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

ராய்

—

டுலூத்
18 நவம்பர் 1996

ராய்,

தெரியும்.

அவள் அம்மாவுக்கு மனசு சரியில்லாத நாட்கள் வரும். போன பிப்ரவரியில் ஒரு நாள், டாரா பள்ளி விட்டு வீட்டுக்குப் போனபோது, அம்மா சமையலறைத் தரையில் கத்தியோடு உட்கார்ந்திருந்தார். டாரா பேசிப் பேசி அதைக் கையிலிருந்து வாங்கியிருக்கிறாள். மறுநாளிலிருந்து வீட்டில் உள்ள எல்லாக் கத்திகளையும் துவாலையில் சுற்றிப் பள்ளிக்குக் கொண்டு வந்தாள். அம்மா தனியாக இருக்கும் நேரத்தில் வீட்டில் கத்தி இருக்கக் கூடாது, அவ்வளவுதான் அவள் கணக்கு. சாயங்காலம் திரும்ப எடுத்துப் போய் சமைப்பாள்.

என்னிடம் சொன்னாள். நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். சாம்பல் நிற அலமாரியைத் திறந்து, "இதுல வச்சிக்கோ" என்றேன். காலையில் வைப்பாள், மூன்று மணிக்கு எடுப்பாள். ஜூன் வரை தினமும். மாவட்டக் குழந்தைகள் நல அலுவலகத்துக்கு நான் சொல்லியிருக்க வேண்டும், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சொன்னால் அவளை அம்மாவிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அந்தக் குழந்தையின் ரகசியம் உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரியும் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

உங்கள் முதல் கடிதம் வந்த அன்றே, அவள் உங்கள் ரொட்டிக்காக வரவில்லை என்று தெரிந்துகொண்டேன். சாவி இல்லாத அலமாரி முன்னால், பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வரி எழுதியிருந்தால் போதும். இரண்டு தடவை எழுதவும் ஆரம்பித்தேன். "கூட்டம்" என்ற கெயிலின் வார்த்தை கண்முன் வந்து நிற்கும், பேனாவை மூடி வைத்துவிடுவேன். பிறகு அவள் உங்களிடம் சிரித்தாள் என்று எழுதினீர்கள். அன்று இரவு எனக்கு வலி மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை. இடுப்பு வலி இல்லை அது.

என்னைத் திட்டி எழுதுங்கள். ஆனால் விலங்கு ஏன் மாட்டினீர்கள்? பதினைந்து வயதுப் பெண். உங்கள் கையால் ரொட்டி வாங்கித் தின்றவள்.

ஐரீன்

—

லார்ச்ஃபீல்ட்
24 நவம்பர் 1996

ஐரீன்,

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு நான்கு நாள் பதில் எழுத முடியவில்லை. எழுதியிருந்தால் தபாலில் அனுப்பக்கூடாத வார்த்தைகளாக இருந்திருக்கும். ஒரு வரி! ஒரு வரி எழுதியிருந்தால் அந்தக் கத்திகளை நானே வாங்கி என் வண்டியில் பூட்டியிருப்பேன். அவள் அம்மாவுக்கு டாக்டரையும் ஏற்பாடு செய்திருப்பேன்.

இப்படி எழுதிவிட்டு, விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். ஆயுதத்தைக் கைப்பற்ற வேண்டும், முதல்வருக்குத் தெரிவிக்க வேண்டும், ஸ்டேஷனுக்குக் கொண்டு போக வேண்டும். விலங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது காவலரின் முடிவு.

என் முடிவுக்குக் காரணம் முதல்வர் வாசலில் நின்றது என்று எல்லாரிடமும் சொல்லி வந்தேன். அன்று என் சட்டைப் பையில் உங்கள் நவம்பர் முதல் தேதிக் கடிதம் இருந்தது. போலீஸ்காரர் போலீஸ்காரராக இருந்தால் போதும் என்று எழுதியிருந்தீர்களே. ஒரு வாரமாக அதைத் திரும்பத் திரும்ப எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்தில் அந்தப் பெண்ணிடம், "ஏன் ஆபீசர்கிட்ட சொல்ல மாட்டேங்கற?" என்று மறுபடியும் கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், "மிஸ் கே இருந்தா கேக்கவே மாட்டாங்க" என்றாள். சரி, நான் மிஸ் கே இல்லை, நான் யார் என்று காட்டுகிறேன் என்று தோன்றியது. விலங்கை எடுத்தேன்.

இதை அறிக்கையில் எழுதவில்லை. விசாரணையில் சொல்வேன்.

நீங்கள் எழுதியதை வாரியத்தில் நான் சொல்லலாமா? சொன்னால் உங்கள் வேலை போய்விடும். அதனால் கேட்கிறேன்.

ராய்

—

டுலூத்
29 நவம்பர் 1996

ராய்,

நீங்கள் சொல்ல வேண்டாம். நான் வருகிறேன். டாக்டர் கூடாது என்கிறார், அக்கா அதற்கு மேல் சத்தம் போடுகிறாள். "இந்த இடுப்போட பதினெட்டு மணி நேரம் பஸ்ஸுலயா? உனக்குப் பைத்தியமா?" என்கிறாள். எட்டாம் தேதி சாயங்காலம் இறங்குவேன். ஊன்றுகோல் இரண்டோடு ஒரு கிழவி இறங்கினால் அது நான்.

ஐரீன்

—

லார்ச்ஃபீல்ட்
20 டிசம்பர் 1996

அன்புள்ள ஐரீன்,

பஸ் ஏற்றிவிட்டபோது கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டேன். வலி எப்படி இருக்கிறது?

வாரியத்தின் முன் நீங்களும் நானும் எல்லாவற்றையும் சொன்ன பிறகு, நீதிமன்றத்தில் வழக்கைக் கைவிட்டுவிட்டார்கள். வாரியமும் நீக்கத்தை ரத்து செய்தது. அம்மாவை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். டாராவைப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விட்டிருக்கிறார்கள். ஜனவரியிலிருந்து அங்கேயே பள்ளிக்குப் போவாள். இங்கே திரும்பி வரமாட்டாள்.

உங்கள் ராஜினாமாக் கடிதத்தை முதல்வர் எனக்குக் காட்டினார். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது, அதை நான் மன்னிக்கவில்லை.

விசாரணை முடிந்து வெளியே வந்தபோது அவள் உங்கள் ஊன்றுகோலுக்குப் பக்கத்தில் நின்றாளே, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னீங்க, மிஸ் கே." அவ்வளவுதான் சொன்னாள். உங்கள் முகம் போன போக்கைப் பார்த்தேன். பார்த்துவிட்டு நான் என்ன நினைத்தேன் என்று சொன்னால் என்னை வெறுத்துவிடுவீர்கள். உங்களிடம் அதையாவது சொன்னாளே என்று நினைத்தேன். என் பக்கம் அவள் திரும்பவே இல்லை.

இப்போது அறைக் கதவில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். "நான் போலீஸ்காரன். என்னிடம் சொல்வதை நான் ரகசியமாக வைத்திருக்க முடியாமல் போகலாம். ரொட்டி உண்டு." கூட்டம் பாதியாகிவிட்டது. கெயிலிடம் சொல்லிவிடுங்கள்.

ராய்

—

டுலூத்
6 ஜனவரி 1997

அன்புள்ள ராய்,

வெறுக்கவில்லை. அவள் அப்படிச் சொன்னபோது நான் உங்களைத்தான் பார்த்தேன். இந்த மனிதருக்குத் திட்டு விழவில்லையே என்று எனக்குப் பொறாமை. ஆளுக்கொரு பக்கம் நின்றுகொண்டு அந்தப் பிள்ளையை இழுத்திருக்கிறோம்.

இரண்டு பக்கத்தில் அவளுக்கு ஒரு கடிதம் எழுதி, குழந்தைகள் நல அலுவலகம் மூலமாக அனுப்பியிருக்கிறேன். மன்னிப்புக் கேட்டுத்தான். பதில் வந்தால் சொல்கிறேன். உங்களுக்கு வந்தாலும் மறைக்காமல் எழுதுங்கள்.

அக்கா வீட்டுக்குப் பக்கத்தில் நூலகத்தில் வாரம் மூன்று நாள் வேலை கிடைத்திருக்கிறது. புத்தகங்கள் ரகசியம் சொல்வதில்லை, நிம்மதி.

ஐரீன்

—

லார்ச்ஃபீல்ட்
14 மார்ச் 1997

அன்புள்ள ஐரீன்,

டாராவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. எனக்கு இல்லை. உங்களுக்கும் இல்லை. பெர்னிஸ் பாமனுக்கு.

யார் என்று யோசிப்பீர்கள். நானும் யோசித்தேன். மதியச் சாப்பாட்டுக் கூடத்தில் இரண்டாவது வரிசையில் நூடுல்ஸ் பரிமாறும் அம்மாள். வலைத் தொப்பி போட்டிருப்பார், காது சரியாகக் கேட்காது. இன்று கையில் உறையோடு எல்லா மேசைக்கும் போய்க் காட்டிக்கொண்டிருந்தார். "அந்த ஹென்னசி பொண்ணு எனக்கு லெட்டர் போட்டுருக்கு பாருங்க! மூணு பக்கம்!"

வெட்கத்தை விட்டு, "நான் படிக்கலாமா, பெர்னிஸ்?" என்று கேட்டேன். உறையை அங்கிப் பைக்குள் செருகிக்கொண்டார். "எனக்குல்ல எழுதியிருக்கா. உங்களுக்கு எதுக்கு?"

"நல்லா இருக்காளாமா? அதையாவது சொல்லுங்க."

"நல்லா இருக்கா. நூடுல்ஸ் குழம்பு எப்படிச் செய்யறதுன்னு கேட்டுருக்கா. அம்மா வீட்டுக்கு வந்ததும் செஞ்சு போடணுமாம்."

"எங்களப் பத்தி ஏதாவது?"

பெர்னிஸ் யோசித்துப் பார்த்தார். பிறகு, பாவம், என்னை நோகடிக்கக் கூடாது என்று நினைத்திருப்பார் போல. "குளிர் அதிகமா இருக்குன்னு எழுதியிருக்கா" என்றார்.

இவர் என்ன செய்தார், ஐரீன்? நான் சுற்றி வளைத்து விசாரித்துவிட்டேன். ஒன்றும் செய்யவில்லை. இரண்டு வருடமாக அவள் தட்டில் ஒரு கரண்டி கூடுதலாகப் போட்டிருக்கிறார். ஏதாவது கேட்டாரா என்றால், "அந்தச் சத்தத்துல எனக்கு எங்க காது கேக்குது?" என்கிறார்.

முகவரி உறையில் இருக்கிறது. பெர்னிஸ் காட்ட மாட்டார், ஆனால் அது தேவையில்லை. ஸ்டேஷனிலிருந்து ஒரு போன் செய்தால் ஐந்து நிமிடத்தில் கிடைத்துவிடும். எடுத்து உங்களுக்கு அனுப்பட்டுமா? கடிதம் எழுதலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஓட்டிப் போய் தூரத்திலிருந்து பார்த்துவிட்டும் வரலாம். நீங்கள் சரி என்றால் செய்கிறேன்.

ராய்

—

டுலூத்
19 மார்ச் 1997

அன்புள்ள ராய்,

பெர்னிஸ் பாமனை எனக்குப் பதினாறு வருடமாகத் தெரியும். ஒரு நாள் கூட அவரோடு நின்று பேசியதில்லை. இன்று மதியம் முழுக்க, திருப்பித் தரும் புத்தகங்களை அடுக்கியபடி, அந்த மூன்று பக்கத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நான் அவளுக்கு எழுதியது இரண்டு பக்கம். அவள் அந்த அம்மாளுக்கு எழுதியது மூன்று.

வயிறு எரிகிறது, ராய். எரியட்டும்.

முகவரியைத் தேடாதீர்கள்.

ஐரீன்